பன்னிரண்டாவது கோடு

ஜூன் 9, திங்கள்

இன்று காலை எட்டரை மணி முதல் வானம், பூமி, இடையில் உள்ள காற்று ஆகிய மூன்றும் என் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன என்பதை வருங்காலச் சந்ததிகள் அறிய வேண்டி இந்த நோட்டில் பதிவு செய்கிறேன்.

தலைநகரம்: கரடிமுட்டு எஸ்டேட், மூன்றாவது டிவிஷன் பால்வாடி. டீச்சர் மாரீஸ்வரி பிரசவத்துக்குப் பெரியகுளம் போயிருக்கிறார். அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாதியை எண்ணிவிட்டு அதே பஸ்ஸில் இறங்கிப் போனாராம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராகிய நானோ இடது கையில் மாவுக்கட்டோடு மூன்று வாரமாகச் சும்மா இருக்கிறேன். "வீட்டுல கெடந்து சுவத்துக்குக் கதை சொல்றதுக்கு, வந்து புள்ளைங்களுக்குச் சொல்லு" என்று பால்வாடி ஆயா பேச்சியம்மாள் அழைப்பு விடுத்தார். ஏற்றுக்கொண்டேன்.

குடிமக்கள் பதினோரு பேர். மூத்தவருக்கு ஐந்தே முக்கால் வயது. இளையவருக்கு இன்னும் மூக்கைத் துடைக்கும் கலை கைவரவில்லை. டீச்சர் ஒரு தாள் விட்டுப் போயிருக்கிறார்: 'ஜூன் மாதம். மழை, வெயில், காற்று. குழந்தைகள் கையால் செய்து பார்த்து அறிய வேண்டும்.' உடனே மந்திரிசபை அமைத்தேன். காற்றுக்குத் தர்ஷன். மேகத்துக்குச் சுபாஷினி. மழைக்கு என் அக்கா ஸ்டெல்லாவின் மகள் பியூலா. "சொந்தக்காரப் புள்ளைக்குத்தான் பெரிய பதவியா" என்று ஆயா முணுமுணுத்தது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றின் தலையை அறுத்து, அதையே புனல்போலக் கவிழ்த்து வைத்தோம். பக்கவாட்டில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. வேலிக்கம்பத்தில் கட்டியாயிற்று. தினமும் காலையில் மழை மந்திரி கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்னதும் கேனைக் காலி செய்ய வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரு நீல ஸ்டிக்கர் பொட்டு வீதம் சுவரில் இருக்கும் சார்ட்டில் ஒட்ட வேண்டும். பொட்டு உபயம் பேச்சியம்மாள்.

கை எப்படி உடைந்தது என்று குடிமக்கள் கேட்டார்கள். ஒற்றைக்கொம்பன் யானையோடு கை குலுக்கியபோது என்றேன். அது கொஞ்சம் அன்பு மிகுந்த யானை.

ஜூன் 10, செவ்வாய்

மழை: நான்கு பொட்டு. சுபாஷினி ஒரு பொட்டைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டுவிட்டதால் தற்காலிகமாக மூன்று.

ஜூன் 11, புதன்

பழைய சேலையைக் கிழித்து வால் செய்து கம்பில் கட்டிக் காற்றின் திசை பார்த்தோம். மேற்கிலிருந்து அடித்தது. எப்படி அடித்தது என்றால், கொடியில் காய்ந்த என் சட்டை மலை தாண்டிப் போய்க் கேரளாவில் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். காற்று அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது, சட்டை எப்படி எதிர்த்திசையில் போகும் என்று தர்ஷன் கேட்டான். துறையில் திறமையுள்ளவனைத்தான் நியமித்திருக்கிறேன்.

மத்தியானம் சூப்பர்வைசர் குருவையா குடையோடு வந்தார். அவர் சிரித்து இந்த எஸ்டேட்டில் யாரும் பார்த்ததில்லை.

"சகாயம், மஸ்டர் கொட்டகையில இருந்த மழைமானியைக் காட்டெருமை நசுக்கிட்டுப் போயிருச்சு. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும். உங்க கேன் சரியா அளக்குதா?"

"அண்ணே, இதுல அளந்தா கடலையே அளக்கலாம்."

"உன் வாயால நம்பர் சொல்லாத. புள்ளைங்க ஒட்டுற பொட்டை நான் வந்து எண்ணிக்கிறேன்."

காரணத்தையும் சொன்னார். தொழிற்சாலை மழைமானி மலையின் அந்தப் பக்கம். அங்கே பெய்வது வேறு, இங்கே பெய்வது வேறு. இருபது வருடத்துக்கு முன், மேட்டிலுள்ள தொழிலாளர் குடியிருப்பான மேல் லைனுக்குப் பின்னால் மண் சரிந்து ஒரு வரிசை வீடு போனது. அன்றிலிருந்து இந்த டிவிஷனில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு: தொடர்ந்து இரண்டு நாள் பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், மேல் லைனின் பதினான்கு வீட்டுக்காரர்களும் பாத்திரம் பண்டத்தோடு கீழே ஸ்கூல் ஹாலுக்கு வந்துவிட வேண்டும்.

அவர் போனதும் ஆயாவிடம் நகப்பூச்சு வாங்கிப் பன்னிரண்டாவது கோட்டைச் சிவப்பாக்கினேன். குடிமக்களைக் கூட்டி விளக்கவுரை ஆற்றினேன். தண்ணீர் இந்தச் சிவப்பைத் தொட்டால் மலை கண் விழிக்கும். ஒரு கொட்டாவி விடும். அப்புறம் எழுந்து நடந்து வந்து மேல் லைன் வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்குபோலக் கடிக்கும். எல்லாரும் ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான். அந்த வீடுகள் எங்கே இருந்தன என்று தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

சபை வாயைப் பிளந்தது. பியூலா மட்டும் பிளக்கவில்லை. அவள் வீடு மேல் லைனில் நான்காம் நம்பர்.

"அப்பாவுக்கும் தெரியாதா மாமா?"

"அப்பாவுக்குத் தெரியாம இருக்குமா? அவரு மேற்குக் கடல்ல மேகம் ஏத்துற லாரியில லோடு ஏத்திக்கிட்டிருக்காரு. லோடு முடிஞ்சதும் நேரா நாலாம் நம்பருக்குத்தான் வருவாரு."

நல்ல கற்பனை. எனக்கே பிடித்திருந்தது. அவள் அப்பா பீட்டர் மச்சான் ஊரைவிட்டுப் போனதும் என் கை உடைந்ததும் மே மாதத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமை நடந்தவை. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நடப்பது உலகத்தில் சகஜம்.

ஜூன் 13, வெள்ளி

ஒன்பது பொட்டு. சூடான டம்ளரின் மேல் குளிர்ந்த தட்டை வைத்து, தட்டின் அடியில் துளி சேர்வதைக் காட்டினேன். இதுதான் மேகம் என்றேன். சுபாஷினி தன் இலாகாவைத் துடைத்துக் குடித்துவிட்டாள்.

டீக்கடையில் கையைப் பற்றி விசாரித்தார்கள். சிறுத்தை என்றேன். யானைக் கதை ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தன என்று சமாளித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். கோயிலுக்குப் போய் வரும் வழியில் அக்காவைப் பார்த்தேன். "சாப்டியா" என்றாள். "சாப்ட்டேன்" என்றேன். நான்கு வாரத்தில் எங்களுக்குள் நடந்த மிக நீண்ட உரையாடல்.

ஜூன் 16, திங்கள்

ஏழு பொட்டு.

ஜூன் 17, செவ்வாய்

பதினொன்று. சிவப்புக்கு ஒரு கோடு கீழே. மந்திரி அறிவித்தபோது நானே கைதட்டினேன். இரவெல்லாம் பெய்த பெய்யலுக்கு என் தகரக்கூரை மேளக்காரனிடம் சம்பளம் கேட்கும் நிலையில் இருந்தது. அவ்வளவுக்கும் பதினொன்றுதான். குருவையா பொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, நோட்டில் குறித்துக்கொண்டு, "சரி, தாண்டல" என்று போனார்.

சாயந்திரம் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. அவளும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள், கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு.

"என்னக்கா?"

"கதவு சேர மாட்டேங்குது. நேத்து வரைக்கும் சேந்துச்சு."

"மரம் ஊறியிருக்கும். தேக்குன்னா அப்படித்தான், பழைய காட்டை நெனச்சு வீங்கும்."

"இது தேக்கு இல்ல. தகரக் கதவு."

ஜூன் 18, புதன்

மறுபடி பதினொன்று. மழைக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது பாருங்கள். மேல் அதிகாரி சொன்ன எல்லையைத் தாண்டுவதில்லை.

இன்றைய பாடம் பருவங்கள். வட்டமாக அட்டை வெட்டி, வெயில் காலத்துக்குக் காய்ந்த இலை, மழைக்காலத்துக்குப் பச்சை இலை, பனிக்காலத்துக்குப் பஞ்சு ஒட்டச் சொன்னேன். தர்ஷன் வட்டத்தில் முக்கால் பாகம் பச்சை இலையை ஒட்டினான். ஏன் என்றேன். "இங்க அப்படித்தான் மாமா" என்றான். திருத்த மனமில்லை.

ஓடைத் தண்ணீர் பாலூற்றிய டீயின் நிறத்தில் ஓடுகிறது. சர்க்கரை மட்டும் போட்டால் மாவட்டத்துக்கே ஊற்றலாம்.

ஆயா ஒரு செய்தி சொன்னார். "உங்கக்கா மக ரெண்டு நாளா காலையில செம்பருத்திக்குத் தண்ணி ஊத்துது. அது அம்மா கொழுந்து பறிக்கப் போறப்ப விட்டுட்டுப் போகுதா, நீ வர்ற வரைக்கும் இந்த வேலைதான். நானும் அடுப்படியில இருந்து பாக்குறேன், என்ன பொறுப்பு." உலகத்தில் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரே ஜீவன் என் மருமகள்தான். வம்சத்தின் பைத்தியம் வீண்போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

பதினொன்று.

குருவையா சார்ட்டின் முன் வெகுநேரம் நின்றார். "தொழிற்சாலையில பதினேழு. இங்க எப்பவும் அதைவிடக் கூடத்தான் பெய்யும். மூணு நாளா ஒரே நம்பர். நீ ஏதாவது கை வச்சியா?"

"இருக்கிறதே ஒரு கைதான் அண்ணே, அதை எங்க வைக்கிறது?"

"வெளையாடாத."

"நான் அந்தப் பக்கமே போறதில்ல. மந்திரி பாத்துச் சொல்றா, புள்ளைங்க ஒட்டுது."

பியூலாவைப் பார்த்தார். அவள் பசை டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. "புள்ளைங்க பொய் சொல்லாது" என்று தனக்கே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

மேல் லைனில் மூன்றாம் நம்பர் அடுப்படிக்குப் பின்னால் புதிதாக ஓர் ஊற்று வந்திருக்கிறது. பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், குழாயடிக்கு நடக்க வேண்டியதில்லை என்று. நான் அதற்கு ஒரு நகைச்சுவை சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தது. சின்னச் சின்னக் கல்லும் வந்தது. சொன்ன நகைச்சுவை எது என்று இப்போது எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் காலி பெயிண்ட் டப்பா ஒன்றைத் திறந்து வைத்தேன். சும்மாதான். ஆராய்ச்சி மனப்பான்மை.

ஜூன் 20, வெள்ளி

காலை ஏழே முக்காலுக்குள் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெயிண்ட் டப்பாவில் ஸ்கேலை விட்டேன். இருபத்தொன்று. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். இருபத்தொன்று. டீ குடிக்காமல் பால்வாடிக்கு இறங்கினேன்.

ஆயா அடுப்படியில் இருந்தார். புகை வந்தது. வேலியோரம் முக்காலி போட்டு அதன்மேல் பியூலா நின்றிருந்தாள். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் சாய்த்து இடுக்கியிருந்தாள். கேனின் புனலைக் கழற்றி வைத்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரை உள்ளே விட்டு மொண்டாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். செம்பருத்தியின் காலடியில் ஊற்றினாள். ஏறினாள்.

"என்ன மந்திரி, பதவியில இருந்துக்கிட்டே இப்படிச் செய்யலாமா?" என்றேன். 

"இருங்க மாமா. எண்ணிக்கிட்டிருக்கேன். ஏழு."

"எதுக்குத் தங்கம்?"

"சிவப்பத் தொட்டா வீட்ட விட்டுப் போகணும்ல. அப்பா லோடு முடிச்சுட்டு நாலாம் நம்பருக்குத்தானே வருவாங்க. அப்ப நாங்க இல்லன்னா?" மறுபடி மொண்டாள். "எட்டு."

"எத்தனை நாளா?"

"மொதல்ல மூணு டம்ளர். அடுத்த நாள் அஞ்சு. நேத்து ஏழு. கொட்டல மாமா. வீணாக்கக்கூடாதுன்னு செடிக்குத்தான் ஊத்துறேன்."

ஒரு டம்ளர் ஏறக்குறைய ஒரு கோடு. பதினொன்றோடு கூட்டினேன். பதினான்கு, பதினாறு, பதினெட்டு. இன்று இருபத்தொன்று. இரண்டு நாள் போதும் என்பது சட்டம். நான்கு நாள் ஆகிவிட்டது. மேல் லைனில் இருப்பவர்கள் ஐம்பத்திரண்டு பேர்.

தினமும் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் மஸ்டர் கொட்டகைக்கு ஓடினேன். குருவையா பிளாஸ்டிக் கோணி போர்த்திய பெண்களுக்குப் பாத்தி பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இருபத்தொண்ணு. நாலு நாளா தாண்டிருச்சு. புள்ளை மொண்டு ஊத்தியிருக்கா."

"யாரு?"

"பியூலா. டம்ளரால."

அவர் பேனாவை மூடினார். "சகாயம், போன வாரம் உன் சட்டை கேரளாவுல கல்யாணத்துக்குப் போச்சு. உன் கையை யானை குலுக்குச்சுன்னு பால்வாடியில சொன்ன, சிறுத்தைன்னு டீக்கடையில சொன்ன, பாய்லர் வெடிச்சுதுன்னு என்கிட்ட சொல்லி லீவு லெட்டர்ல கையெழுத்து வாங்குன. பாய்லர் நல்லாத்தான் இருக்கு, நான் போய்ப் பாத்தேன். இப்ப அஞ்சு வயசுப் புள்ள மழையை மொண்டு ஊத்துதுங்கிற."

"சத்தியமா அண்ணே."

"பதினாலு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி, மஸ்டரை நிறுத்திட்டு, மேனேஜர் துரை கேட்டா நான் என்ன சொல்ல? மூணு நாளா பதினொண்ணுன்னு நானே ஆபீசுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அந்தப் புள்ள தன் வாயால சொல்லட்டும். வா."

வரும் வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. இந்த நாக்குக்கு இது புது அனுபவம்.

பால்வாடியில் கேன் வேலிக்கம்பத்தில் சரியாகக் கட்டப்பட்டு, புனல் வைக்கப்பட்டு, தண்ணீர் பதினொன்றில் நின்றது. முக்காலி சுவரோரம் இருந்தது. குருவையா குந்தி உட்கார்ந்து, தனக்கு இருப்பதிலேயே மென்மையான குரலில் கேட்டார். "பாப்பா, நீ இதுல இருந்து தண்ணி எடுத்தியா?"

"இல்ல."

"மாமா சொல்றாரே."

"மாமா சும்மா சொல்வாங்க."

ஆயாவைப் பார்த்தார். "செடிக்கு ஊத்துச்சு, அது எனக்குத் தெரியும். எங்க இருந்து மொண்டுச்சுன்னு பாக்கலைங்க" என்றார் ஆயா. குருவையா எழுந்தார். குடையை விரித்தார். அவர் வாசல்வரை போய்விட்டார் என்றால், அப்புறம் ஐம்பத்திரண்டு பேரைக் கூப்பிட என்னிடம் நாக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நாக்கை நானே முப்பது வருடமாகச் செல்லாக்காசாக்கி வைத்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்தேன். அவளை என் முன்னால் நிறுத்தினேன்.

"பியூலா, மேகம் ஏத்துற லாரின்னு ஒண்ணு கெடையாது. மாமா சொன்னது பொய்."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பா திருப்பூர்ல இருக்காரு. பனியன் கம்பெனியில. இந்த லைன்ல சுவர் விரியுது, மழைக்கு முன்னாடி எல்லாரும் கீழ போயிருவோம்னு அப்பா சொன்னாரு. நான் கேலி பண்ணேன். பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். சண்டையாயிருச்சு. நான் அடிக்கப் போனேன், அவரு குனிஞ்சுட்டாரு, என் கை உங்க வீட்டு நிலைக்கல்லுல பட்டுச்சு. அதுதான் இது." மாவுக்கட்டைக் காட்டினேன். "யானை இல்ல. இனி இந்த வாசல்ல கால் வைக்காதன்னு நான்தான் சொன்னேன். உங்க அம்மா சொல்லல. அப்பாவும் உன்னை விட்டுட்டுப் போகணும்னு போகல."

குருவையா வாசலில் நின்றுவிட்டது தெரிந்தது. ஆயாவின் கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது.

"நாங்க நாலாம் நம்பர்ல இருந்தாலும் அப்பா வர மாட்டாங்களா?"

"நான் கூப்பிட்டாத்தான் வருவாரு. கூப்புடுறேன்."

"அப்ப மழையை யாரு கொண்டு வர்றா?"

"யாரும் இல்ல. கடல்ல இருந்து காத்து கொண்டு வருது. மலை தடுக்குது, இங்க கொட்டுது. அவ்வளவுதான். அதுக்கு நம்ம மேல கோவமும் இல்ல, பாசமும் இல்ல. அளந்துதான் தெரிஞ்சுக்கணும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கிழவனாகிச் செத்துப் பிறந்தேன் என்று வழக்கமாக எழுதியிருப்பேன். உண்மையில் அரை நிமிடம் இருக்கும். அப்புறம் போய் முக்காலியை இழுத்து வந்தாள். டம்ளரை எடுத்தாள். குருவையாவின் கையைப் பிடித்துச் செம்பருத்தியிடம் கூட்டிப் போனாள். வேர்கள் வெளியே தெரிய மண் அரித்துப் போயிருந்தது.

"இன்னைக்குப் பத்து டம்ளர்" என்றாள். "நேத்து ஏழு."

குருவையா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, மாட்டிக்கொண்டார். "ஆயா, ஸ்கூல் ஹாலைத் தெறக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறி ஓடினார். ஐம்பத்தாறு வயது.

பத்து மணிக்கு ஆரம்பித்தது மூன்று மணிக்கு முடிந்தது. அரிசி, ரேஷன் கார்டு, டிவி, கோழிகள், சிலுவை, முருகன், ஒரு பீரோ. பீரோவை விடச் சொல்லி ஒருவரிடம் குருவையா கையெடுத்துக் கும்பிட்டார். நான்காம் நம்பரின் தகரக் கதவு இப்போது திறக்கவே மறுத்தது. ஒரு கையால் நானும் தோளால் அக்காவுமாக நெம்பினோம். உள்ளே பின்சுவரில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிசல். உள்ளங்கை நுழையும் அளவு என்பது அளந்து பார்த்த அளவு.

"புள்ளைகிட்ட சொல்லிட்டியாமே" என்றாள் அக்கா, துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே.

"சொல்லிட்டேன்."

"நீ போகச் சொன்ன, அவரு போனாரு. நான் போகச் சொன்னேனா, இருக்கச் சொன்னேனா, யாராச்சும் கேட்டீங்களா?"

"இல்லக்கா."

"மூட்டையைத் தூக்கு."

ஜூன் 21, சனி

காலை ஆறு மணி. ஒன்றும் நடக்கவில்லை. ஹாலில் ஐம்பத்திரண்டு பேர், இருபது கோழி, ஒரு கழிப்பறை.

எட்டு மணி. கேனில் இருபத்துமூன்று. நானும் பியூலாவும் சேர்ந்து பார்த்தோம். புனலுக்கு மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள், யாரும் தொடக்கூடாது என்பதுபோல.

ஒன்பது மணி. மழை விட்டுவிட்டது. வெயில்கூட அடித்தது. இதுதான் மோசம். "எங்கய்யா உங்க மலை?" என்று கேட்கிறார்கள். மாட்டைக் கறக்க வேண்டும், மாத்திரையை விட்டுவிட்டேன், கேஸ் அடுப்பை மூடினேனா தெரியவில்லை என்று ஆளுக்கொரு காரணம். துரை போன் செய்து மஸ்டரை நிறுத்தியது யார் என்று கேட்டாராம். குருவையா, "நான்" என்றாராம்.

பத்தரை. நாலைந்து ஆண்கள் மேட்டுப்பாதைக்குப் போனார்கள். நான் முன்னாலேயே போய்ப் பாதையின் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தள்ளு சகாயம். பத்து நிமிஷத்துல வந்துர்றோம்."

"இருபத்துமூணு."

"தெரியும்டா. மழைதான் நின்னுருச்சே."

"மேல இருக்கிறது நின்னுருச்சு. உள்ள போனது எங்க போச்சு? அஞ்சு நாள்ல தொண்ணூத்திரண்டு சென்டிமீட்டர். உன் இடுப்பு வரைக்கும் தண்ணி, இந்த மலை முழுக்க. அது இன்னும் உள்ளதான் இருக்கு."

"ஆரம்பிச்சுட்டான் அளக்க."

"இது அளந்ததுதான்."

ஒருவன் என்னை முக்காலியோடு நகர்த்தினான். உடைந்த கையில் பட்டது. குருவையா வந்து எனக்குப் பக்கத்தில் பாதையை மறித்து நின்றார். அவரைத் தள்ள யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அப்படியே நின்றோம். வெயிலில் தேயிலைச் சரிவிலிருந்து ஆவி எழுந்தது.

பதினொன்று பத்துக்குச் சில்வர் ஓக் மரங்கள் நகர்ந்தன. சாயவில்லை, நின்றபடியே வரிசையாகக் கீழ்நோக்கி வந்தன. அப்புறம்தான் சத்தம். இவ்வளவு பெரிய சத்தத்துக்கு உவமை தேடினேன். கிடைக்கவில்லை. ஒன்று முதல் ஒன்பதாம் நம்பர் வரை இல்லை. பத்தாம் நம்பரின் பாதிச் சுவர் நிற்கிறது, அதில் காலண்டர் தொங்குகிறது. முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

தலையை எண்ணினோம். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினோம்.

என்னை நகர்த்தியவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.  அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ரோடு இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. ஸ்கூல் மேட்டில் நின்றால் போன் எடுக்கிறது. அக்கா மச்சானின் எண்ணை எழுதித் தந்தாள். மனப்பாடமாகத் தெரிந்துதான் வைத்திருந்தாள். "நீயே பேசு" என்றாள். "வரச் சொல்றதா, வேண்டாம்னு சொல்றதா?" என்று கேட்டேன். அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். "வரச் சொல்லு. வந்து எங்களைக் கூட்டிட்டுப் போகட்டும். நான் கீழ போறேன்" என்றாள்.

பியூலா என் பக்கத்தில் நின்றாள்.

"மச்சான், நான் சகாயம்." அந்தப் பக்கம் தறிச் சத்தமோ தையல் மெஷின் சத்தமோ. "வீடு இல்ல. அக்காவும் புள்ளையும் நல்லா இருக்காங்க. நீங்க சொன்னது சரி. நான் அன்னைக்குப் பேசினது தப்பு."

மெஷின் சத்தம் விலகியது. வெளியே வந்திருப்பார்.  "பாப்பாகிட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள். "அப்பா" என்றாள். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்" என்றாள். இன்னொரு "ம்". அவள் முகத்தில் என்னமோ மாறியது. பயந்ததுபோல இல்லை, பெரியவர்கள் கதவை மெதுவாகச் சாத்துவதுபோல. போனை என்னிடம் நீட்டினாள்.

"கட் ஆயிருச்சு மாமா" என்றாள். ஹாலைப் பார்த்து நடந்துவிட்டாள், கஞ்சிக்குத் தட்டு வாங்க.

போனைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தேன். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அழுது முடிக்கட்டும் என்று மலையைப் பார்த்தபடி நின்றேன். செம்மண் ஈரமாக மின்னியது.

"ரோடு தொறக்க நாலு நாள் ஆகும் மச்சான்" என்றேன். "நாலே நாள்தான். கூட்டிச் சொல்லல."